சோற்றை மறுக்கும் பிள்ளை: வளரிளம் பருவத்து அனோரெக்சியா நோயை அறிந்துகொள்வோம்

வீட்டில் வளரும் பிள்ளை சில மாதங்களாகச் சரிவரச் சாப்பிடவில்லை என்றால், நம் பகுதிக் குடும்பங்கள் பலவும் ஏறக்குறைய ஒரே வழியில் செல்கின்றன. முதலில் திருஷ்டி கழிக்கிறார்கள், தொக்கம் எடுக்கிறார்கள். அடுத்துப் பூச்சி மருந்தும் பசி டானிக்கும் வருகின்றன. பிறகு வயிற்று மருத்துவர், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி. எல்லா முடிவுகளும் நன்றாகவே இருக்கின்றன. பிள்ளை மட்டும் மெலிந்துகொண்டே போகிறது. இவ்வாறு கழியும் மாதங்கள் விலைமதிப்பற்றவை. ஏனெனில் இந்நோய், தொடங்கிய புதிதில் எளிதாகப் பிடிகொடுக்கும், நாள்பட்டால் இறுகிவிடும்.

அனோரெக்சியா நெர்வோசா என்னும் இந்நோய் யாது, நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அது எவ்வடிவில் தோன்றுகிறது, எப்போது அஞ்ச வேண்டும், வீட்டார் என்ன செய்யலாம் என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

பெயரும் பொருளும்

1873ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவரும் பாரிஸில் சார்லஸ் லாசேக் என்ற மருத்துவரும் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். காசநோயோ வேறு உடல்நோயோ இன்றி, உணவை மறுத்து மெலிந்துபோகும் இளம்பெண்களை இருவரும் கண்டிருந்தனர். அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரைச் சூட்டியவர் கல்.

அனோரெக்சியா என்ற சொல்லுக்குப் பசியின்மை என்பதே நேர்ப்பொருள். ஆனால் அப்பொருள் நம்மைத் தவறான வழியில் இட்டுச்செல்லக் கூடியது. காய்ச்சலிலும் மஞ்சள் காமாலையிலும் பசி உண்மையாகவே அற்றுப்போகிறது. அனோரெக்சியாவிலோ, குறிப்பாகத் தொடக்கத்தில், பசி பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. உண்பதற்கு எதிராக மனத்தில் எழும் அச்சம் அப்பசியை வென்றுவிடுகிறது. ஆகவே பசியைத் தூண்டும் டானிக் இந்நோயைத் தீர்ப்பதில்லை.

நம் பிள்ளைகள் எப்படிச் சொல்கிறார்கள்?

“நான் குண்டாகிவிடுவேன்” என்ற அச்சமே இந்நோயின் அடையாளம் என்று மேலைநாட்டு நூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. நம் நாட்டில் இந்நோய் இல்லை என்ற எண்ணமும் அதனால் வேரூன்றியது. மருத்துவ ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன.

புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் மனநல மருத்துவர்கள் 1995இல் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். உணவு மறுப்பு, தொடர் வாந்தி, கடும் எடையிழப்பு, மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவை அவர்களிடம் காணப்பட்டன. ஆயினும் மேலைநாட்டு நோயாளிகளிடம் காணப்படும் உடல்தோற்றம் பற்றிய பிறழ்ந்த எண்ணமோ ஓயாத உடலியக்கமோ அவர்களிடம் இல்லை. ஹாங்காங்கில் 70 நோயாளிகளை ஆராய்ந்து 1993இல் வெளிவந்த கட்டுரையும் இதனையே காட்டிற்று. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பருமனுக்கு அஞ்சுவதாக ஒருபோதும் கூறவில்லை. வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை என்பனவே அவர்கள் கூறிய காரணங்கள்.

நமக்கு மிக அருகில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பிரிவிலிருந்தும் ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. 2000 முதல் 2005 வரை அப்பிரிவுக்கு வந்தோரின் பதிவேடுகளை ஆராய்ந்ததில், உணவு தொடர்பான மனநோய் உடையோர் 41 பேர் எனத் தெரியவந்தது. அவர்களுள் பெரும்பாலோர்க்கு இருந்தது, உடற்காரணம் இன்றி மன உளைச்சலால் எழும் வாந்தி. ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு அனோரெக்சியா இருந்தது. எண்ணிக்கை சிறிதுதான். எனினும் பெருநகரங்களில் மட்டுமே காணப்படும் நோய் இது என்று எண்ணுவோருக்கு, பாலாற்றங்கரையில் கிடைத்த இப்பதிவே போதிய விடையாகும்.

இவற்றிலிருந்து வீட்டார் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. “சோறு இறங்கவில்லை”, “வயிறு கம்மென்று இருக்கிறது”, “கொஞ்சம் சாப்பிட்டாலே நெஞ்சில் நிற்கிறது” என்று பிள்ளை சொல்வதை மட்டும் கொண்டு நோயை எடைபோட வேண்டாம். எடை குறைகிறதா, மாதவிடாய் முறையாக வருகிறதா, உணவு நேரத்தில் பிள்ளை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பனவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

மேற்சொன்ன வயிற்றுத் தொல்லை பொய்யன்று என்பதையும் அறிய வேண்டும். நெடுநாள் குறைவாக உண்பவரின் இரைப்பை மெதுவாகவே காலியாகிறது. அதனால் நான்கு வாய் உண்டதும் வயிறு நிறைந்தாற்போல் தோன்றும். முறையாக உண்ணத் தொடங்கிச் சில வாரங்கள் சென்றால் பெரும்பாலோர்க்கு இது படிப்படியாகத் தணிந்துவிடும்.

பட்டினி மனத்தை என்ன செய்கிறது?

பிள்ளையின் குணமே மாறிவிட்டது என்று பெற்றோர் வருந்துவதை அடிக்கடி கேட்கிறோம். இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய ஆய்வு உதவும்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் 36 ஆண்களைக் கொண்டு பட்டினி பற்றி ஆராய்ந்தார். அவர்கள் உடலும் உள்ளமும் நலமாக இருந்தவர்கள், தாமாகவே முன்வந்தவர்கள். ஆறு மாதம் அரைவயிற்று உணவு அளிக்கப்பட்டதில், அவர்களின் எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அப்போது நிகழ்ந்தவை வியப்பூட்டுவன. எந்நேரமும் உணவைப் பற்றியே எண்ணினர். சமையல் நூல்களைப் படித்தனர். தட்டில் உள்ளதை நெடுநேரம் வைத்து உண்டனர். நண்பர்களிடமிருந்து ஒதுங்கினர். எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. மீண்டும் போதிய உணவு கிடைத்த பின்னரும் இம்மாற்றங்கள் மறையப் பல மாதங்கள் ஆயின.

உணவு குறைந்ததாலேயே நலமான ஆண்களின் மனமும் இவ்வாறு மாறிற்று. ஆகவே தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருப்பதும், வீட்டாருக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டுத் தான் உண்ணாதிருப்பதும், சிடுசிடுப்பும் பட்டினியின் விளைவுகளாக இருக்கலாம். அவற்றைப் பிடிவாதம் என்றோ திமிர் என்றோ கொள்ள வேண்டாம். “மனம் மாறட்டும், பிறகு சாப்பிடும்” என்று காத்திருப்பதும் பயன் தராது. உடல் ஊட்டம் பெற்ற பின்னரே மனம் தெளியத் தொடங்கும்.

உடலில் நிகழ்வன

உணவு குறையும்போது உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. நாடித்துடிப்பு மெதுவாகிறது. கைகால்கள் சில்லிடுகின்றன. மலச்சிக்கல் ஏற்படுகிறது. தலைமுடி கொட்டுகிறது, முதுகிலும் கைகளிலும் மெல்லிய பூனைமயிர் முளைக்கலாம். பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் நிற்கிறது. எலும்புகள் வலுப்பெறும் பருவம் இதுவே என்பதால், இப்போது நேரும் இழப்பைப் பின்னாளில் முழுமையாக ஈடுசெய்வது கடினம்.

எல்லாவற்றினும் கவலைக்குரியது இதயம். சிறுபிள்ளையின் நாடி மெதுவாகத் துடிப்பதை, நன்கு விளையாடிப் பழகிய உடலின் இயல்பு என்று எண்ணிவிடக் கூடாது. மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. அவ்வுயிரிழப்புகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தற்கொலையால் நேர்வது.

இரத்தப் பரிசோதனை முடிவுகள் இயல்பாக இருப்பதால் ஆபத்து இல்லை என்று பொருளாகாது. உடல் தன் சேமிப்பைக் கரைத்துக்கொண்டே இரத்தத்தின் அளவுகளை நெடுநாள் காத்துவரும். மேலும், முன்பு பருமனாக இருந்த பிள்ளை விரைவாக எடை இழந்தால், பார்வைக்கு ஒல்லியாகத் தோன்றாவிட்டாலும் இதே ஆபத்துகள் நேரலாம். “இளைத்து அழகாகிவிட்டாய்” என்று உறவினர் பாராட்டும் பிள்ளைகளிடம் இந்நோய் கவனிக்கப்படாமல் போவதுண்டு.

நோன்பும் நோயும்

நம் மாவட்டத்திலும் அண்டை ஊர்களிலும் நோன்பு இல்லாத வீடு அரிது. மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ரமலான் நோன்பு, தேவாலயங்களைச் சார்ந்த குடும்பங்களில் தவக்கால நோன்பு, இந்துக் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை, சஷ்டி, ஆடி மாத விரதங்கள் எனப் பலவுண்டு. இவற்றுள் எதுவும் நோயன்று. ஆயினும் நோயுற்ற பிள்ளை தன் உணவு மறுப்பை நோன்பின் பின்னால் மறைத்துக்கொள்ள இயலும்.

வேறுபாட்டை அறிய எளிய வழி, நோன்பு முடியும் நேரத்தைக் கவனிப்பதாகும். நோன்பு இருப்பவர் அந்நேரத்தை எதிர்நோக்குகிறார். மற்றவர்களோடு அமர்ந்து மகிழ்ந்து உண்கிறார். நோயுற்ற பிள்ளையோ நோன்பு முடியும் வேளையில் கலங்குகிறது. நோன்புக் கஞ்சியையோ பிரசாதத்தையோ தொட்டும் தொடாமலும் எழுந்துவிடுகிறது. வீட்டில் யாரும் இருக்காத புதுப்புது விரதங்களைத் தானே ஏற்கிறது. நோயாளியை நோன்பிலிருந்து விலக்கும் வழி எல்லாச் சமயங்களிலும் உண்டு. மருத்துவர் வேண்டாம் என்று கூறினால், உங்கள் சமயப் பெரியவரிடம் அழைத்துச் சென்று அவர் வாயாலும் அதைச் சொல்லச் செய்யுங்கள். பிள்ளையின் குற்றவுணர்வு தணிய அது பெரிதும் உதவும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• எடை குறைதல். அல்லது வளரும் வயதில் எடையும் உயரமும் கூடாதிருத்தல்.
• மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராமை. வயது வந்தும் பூப்பெய்தாமை.
• முன்பு விரும்பி உண்டவற்றை ஒவ்வொன்றாக விலக்குதல்: முதலில் எண்ணெய்ப் பலகாரம், பிறகு கறி, பிறகு சோறு.
• “பள்ளியில் சாப்பிட்டேன்”, “தோழி வீட்டில் சாப்பிட்டேன்” என்று அடிக்கடி கூறுதல். டிபன் பாக்ஸ் காலியாக வந்தும் எடை குறைதல்.
• உண்டவுடன் கழிவறைக்குச் செல்லுதல், கன்னத்தின் கீழ்ப்பகுதி வீங்குதல், பற்கள் அரிக்கப்படுதல்.
• உட்காராமல் நின்றுகொண்டே இருத்தல். களைத்தபோதும் விடாது உடற்பயிற்சி செய்தல்.
• வெயில் காலத்திலும் தளர்ந்த, தடித்த உடைகளை அணிதல்.

ஆண்பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும். அவர்களிடம் உணவு மறுப்பைவிட, “உடம்பை ஏற்ற வேண்டும்” என்ற பெயரில் கடும் பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் முதலில் கண்ணில் படலாம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

• மயங்கி விழுதல். எழுந்து நிற்கும்போது கண் இருளுதல்.
• பகலில் அமைதியாக இருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருத்தல்.
• நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல், கால் வீக்கம்.
• நீரும் உணவும் முழுமையாக மறுத்தல், ஓயாத வாந்தி.
• உடல் மிகவும் சில்லிட்டுப் போதல்; படியேறவோ தரையிலிருந்து எழவோ இயலாத தளர்ச்சி.
• உயிர் வாழ விருப்பமில்லை என்ற பேச்சு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல்.

இவற்றுள் ஒன்று இருந்தாலும் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

மருத்துவமனையில் என்ன நடைபெறும்?

முதலில் எடை, உயரம், நாடி, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவை பார்க்கப்படும். காசநோய், தைராய்டு, சர்க்கரை நோய், குடல் நோய்கள் ஆகியவையும் எடையைக் குறைப்பவை என்பதால், தேவைக்கேற்ப அவற்றுக்கான பரிசோதனைகள் நடைபெறும். இ.சி.ஜி. எடுக்கப்படும். பிள்ளையிடம் தனியாகவும் பெற்றோரிடம் தனியாகவும் பேசுவோம்.

மிகவும் மெலிந்த பிள்ளைக்கு ஒரே நாளில் வயிறு நிறைய ஊட்டுவது தீங்கானது. போரின் முடிவில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட கைதிகள் சிலர், உணவு கிடைத்த பின்னர் இறந்துபோயினர். நெடும்பட்டினிக்குப் பிறகு திடீரென உணவு சேரும்போது இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சரிந்து இதயம் பாதிக்கப்படுவதே அதற்குக் காரணம். ஆகவே அத்தகைய பிள்ளையை உள்நோயாளியாகச் சேர்த்து, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே உணவைப் படிப்படியாகக் கூட்டுவோம். “பெட்டில் படுக்க வைத்துச் சோறுதானே போடுகிறார்கள்” என்று சிலர் குறைப்படுவதுண்டு. இந்நோய்க்கு முதன்மையான மருந்து அந்தச் சோறுதான். அனோரெக்சியாவைக் குணப்படுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. உடனிருக்கும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கே மருந்துகள் தரப்படுகின்றன.

குடும்பம் செய்யும் மருத்துவம்

பெற்றோரே இந்நோய்க்குக் காரணம் என்ற கருத்து ஒரு காலத்தில் நிலவியது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதும் வழக்கமாக இருந்தது. இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்தோர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, மாற்று வழியைக் காட்டியது. 80 நோயாளிகளுள் ஒரு சாராருக்குத் தனிநபர் ஆலோசனையும் மறுசாராருக்குக் குடும்பத்தோடு இணைந்த சிகிச்சையும் தரப்பட்டன. 18 வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்று ஆண்டுகள் நிறைவதற்கு முன் சிகிச்சைக்கு வந்த அனோரெக்சியா நோயாளிகளுக்குக் குடும்பச் சிகிச்சையே மிகுந்த பயன் தந்தது.

குடும்பத்தைத் துணையாகக் கொள்ளும் மருத்துவம் நம் மண்ணுக்கும் புதிதன்று. டாக்டர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ் முயற்சியால் 1957இல் வேலூர் பாகாயத்தில் தொடங்கப்பட்ட மனநல மையத்தில், நோயாளியோடு உறவினர் ஒருவர் தங்கியிருந்து பராமரிக்கும் முறை தொடக்க காலம் முதலே கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது.

இச்சிகிச்சை மூன்று படிகளைக் கொண்டது. முதற்படியில், எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்ற முடிவைப் பெற்றோர் ஏற்கின்றனர். எடை தேறிய பின், இரண்டாம் படியில், அப்பொறுப்பு சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் திரும்புகிறது. மூன்றாம் படியில் படிப்பு, நட்பு, எதிர்காலம் போன்ற வயதுக்குரிய செய்திகள் பேசப்படுகின்றன. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இது நீளும்.

முதற்படியில் வீட்டார் செய்யத்தக்கவை:

1. ஒரு நாளைக்கு மூன்று வேளை உணவும் இரண்டு மூன்று முறை சிற்றுணவும் குறித்த நேரத்தில் தாருங்கள். வீட்டில் அனைவரும் உண்பதே போதும். தனிச் சமையல் வேண்டாம். அளவை மருத்துவக் குழு கூறும்.
2. ஒவ்வொரு வேளையும் பெரியவர் ஒருவர் உடன் அமர வேண்டும். உண்ட பின் ஒரு மணிநேரம் பிள்ளையுடன் இருக்க வேண்டும்.
3. தட்டின் முன் வாதிட வேண்டாம். “கஷ்டமா இருக்குன்னு தெரியுதும்மா. நான் பக்கத்திலேயே இருக்கேன். அடுத்த வாய் எடுத்துக்கோ” என்ற அளவில் பேசுங்கள். கெஞ்சுவதும் திட்டுவதும் அடிப்பதும் அச்சத்தை வளர்க்கும்.
4. பிள்ளை அழுதாலும் கோபித்தாலும், அது நோயின் குரல் என்று கொள்ளுங்கள். நோயை எதிர்க்கிறோம், பிள்ளையை எதிர்க்கவில்லை என்பதை அடிக்கடி சொல்லுங்கள்.
5. வீட்டில் எடை பார்க்கும் கருவி வேண்டாம். எடையை மருத்துவமனையில் மட்டும் பார்ப்போம்.
6. யாருடைய உடலைப் பற்றியும் பேச வேண்டாம். “குண்டு”, “ஒல்லி”, “இப்பதான் முகம் தேறியிருக்கு” ஆகிய எல்லாமே பிள்ளையின் காதில் வேறு பொருளில் விழும். இதை உறவினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
7. தாயும் தந்தையும் ஒரே சொல்லாக நில்லுங்கள். ஒருவர் கண்டிப்பும் மற்றவர் விட்டுக்கொடுப்பும் காட்டினால் நோய் அந்த இடைவெளியில் நுழையும்.

விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஷூ கம்பெனிக்குச் செல்லும் தாய்க்கும், தோல் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் தந்தைக்கும் இவை எவ்வாறு இயலும் என்ற கேள்வி நியாயமானது. தொடக்க வாரங்களில் இருவரில் ஒருவர் விடுப்பு எடுக்க இயலுமானால் எடுங்கள். அதற்கான மருத்துவச் சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள். இயலாதபோது பாட்டி, அத்தை, பெரியம்மா என நம்பத்தக்க ஒருவரைச் சிகிச்சைக்கு உடன் அழைத்து வாருங்கள். அவருக்கும் முறைகளை விளக்குவோம். மதிய உணவுக்கு வகுப்பாசிரியரின் துணையை நாடுங்கள். எந்த வேளைக்கு யார் உடனிருப்பது என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள். உடனிருப்பவர் மாறலாம், உணவு வேளை தவறக் கூடாது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*இது யாருடைய குற்றம்?*
யாருடைய குற்றமும் அன்று. மரபுக்கு இதில் கணிசமான பங்கு உண்டு. 2019இல் ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், இந்நோயோடு தொடர்புடைய எட்டு மரபிடங்களைக் கண்டறிந்தனர். இயல்பிலேயே கவலை மிகுந்த, எதையும் பிழையின்றிச் செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு, தேர்வு நெருக்கடியோ ஒரு கேலிச் சொல்லோ உணவுக் கட்டுப்பாடோ நோயைத் தொடங்கிவைக்கலாம்.

*படிப்பு என்னாகும்?*
நாடித்துடிப்பும் எடையும் ஆபத்தான நிலையில் இருக்கும்போது பள்ளியை நிறுத்தி வைக்கச் சொல்வோம். பொதுத்தேர்வு ஆண்டாயினும் இதுவே எங்கள் அறிவுரை. தேர்வை மீண்டும் எழுதலாம்.

*முற்றிலும் குணமாகுமா?*
உலகெங்கும் வெளிவந்த 119 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான கட்டுரையின்படி, நோயுற்றோருள் ஏறத்தாழ பாதிப்பேர் முழு நலம் பெற்றனர்; மூன்றில் ஒருவர் ஓரளவு தேறினர்; ஐந்தில் ஒருவருக்கு நோய் நீடித்தது. இளம் வயதில் தொடங்கி, விரைவில் சிகிச்சைக்கு வந்தோருக்கு வாய்ப்பு கூடுதல்.

*திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடுமா?*
ஆகாது. புதிய வீட்டில் உணவைக் கவனிக்கும் கண்கள் குறையும். நோய் மறைந்து வளரும்.

நிறைவாக

ஐயம் எழுந்தால், முதலில் குழந்தைகள் நலப் பிரிவிலோ பொது மருத்துவப் பிரிவிலோ காட்டுங்கள். முன்பு எடுத்த பரிசோதனைச் சீட்டுகளையும், பிள்ளையின் பழைய எடைக் குறிப்புகள் இருந்தால் அவற்றையும் கொண்டுவாருங்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பினால் தயங்காமல் செல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் செயல்படுகிறது. கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

உங்கள் பிள்ளை ஒரு வாய் உண்ணப் படும் துன்பம் வெளியில் தெரியாது. அந்த வாயை அது தனியே உண்ண வேண்டியதில்லை. இன்று இரவு உணவுக்கு அருகில் சென்று அமருங்கள். நாளைக் காலை எங்களிடம் அழைத்து வாருங்கள்.